பந்தியை விசாரிப்பது யார்?

வேத பாடம்: அப்போஸ்தலர் 6:1-7
துணை வாசிப்பு: யாத்திராகமம் 18:13-26, எசேக்கியேல் 34:1-6, யோவான் 13:1-17, ரோமர் 16:1-2





சில மாதங்களுக்கு முன் ஓர் ஆராதனை முடிந்ததும் ஒரு தாயார் என்னிடம் வந்து, "ஐயா, எங்க மக இங்கிலாந்துல வயசானவங்க இருக்கிற கேர் ஹோம்ல நர்சா இருக்கா. அங்க டாக்டரே கிடையாதாமே! அப்போ அந்த வயசானவங்களுக்கு யாருதான் பொறுப்பு?" என்று கேட்டார்கள். "உங்க மகதாம்மா பொறுப்பு" என்றேன். அந்தத் தாயார் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள். பிறகு, "அப்போ அவளுக்காக இன்னும் நிறைய ஜெபிக்கணும்" என்று சொல்லிப் போனார்கள்.

அந்தக் கேள்வியே இந்த இதழின் பாடம். முதியோரையும், நெடுநாள் நோயாளிகளையும், தன் காரியத்தைத் தானே செய்துகொள்ள இயலாதவர்களையும் அவர்கள் வாழும் இடத்திலேயே பராமரிக்கும் ஊழியத்தில் தலைமை என்றால் என்ன? இதை வேதத்தின் வெளிச்சத்திலும், இந்த ஊழியத்தில் நீண்ட அனுபவமுள்ள இங்கிலாந்து தேசத்தின் வரலாற்றிலும் ஆராய்வோம்.

1. சபையின் முதல் நிர்வாகப் பிரச்சினை

ஆதித் திருச்சபையில் எழுந்த முதல் நிர்வாகப் பிரச்சினை எது என்று கேட்டால், பலர் விருத்தசேதனத்தைப் பற்றிய விவாதத்தைச் சொல்வார்கள். அதற்கு வெகு முன்பாகவே, வயதான பெண்களின் பராமரிப்பைப் பற்றி ஒரு பிரச்சினை எழுந்தது. எருசலேம் சபையில் விதவைகளுக்கு அன்றாடம் உணவு பகிர்ந்தளிக்கப்பட்டது. அதில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்ற முறையீடு கிளம்பியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சபையில் அன்பு குறைவாக இருக்கவில்லை. நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தவர்கள் இருந்த சபை அது. பணமும் குறைவாக இருக்கவில்லை. அன்பும் பணமும் இருந்த இடத்திலேயே விதவைகள் பசியோடு இருந்தார்கள். காரணம், "இன்றைக்கு எல்லோருக்கும் கிடைத்ததா?" என்று பந்தியைச் சுற்றிப் பார்க்கக் கடமைப்பட்டவர் ஒருவரும் அங்கே இல்லை.

அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? "எல்லாரும் இன்னும் அதிகமாய் அன்புகூருங்கள்" என்று ஒரு பிரசங்கம் செய்து முடித்துவிடவில்லை. நற்பெயரும், பரிசுத்த ஆவியின் நிறைவும், ஞானமும் உள்ள ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொல்லி, அவர்கள்மேல் கைகளை வைத்து ஜெபித்து, அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. விடுபட்டவர்களின் மொழியும் வேதனையும் தெரிந்தவர்களிடமே பொறுப்பு கொடுக்கப்பட்டது என்று வேத பண்டிதர் பலர் கருதுகிறார்கள்.

மூல பாஷையில் இன்னொரு காரியம் உண்டு. முதலாம் வசனத்தில் அன்றாட உணவுப் பகிர்வைக் குறிக்க வரும் சொல் 'தியாகோனியா'. நாலாம் வசனத்தில் வசனத்தைப் போதிக்கும் ஊழியத்தைக் குறிப்பதும் அதே சொல்தான். பிரசங்க பீடத்துக்கு ஒரு சொல், சாப்பாட்டுப் பந்திக்கு அதைவிடத் தாழ்ந்த ஒரு சொல் என்று லூக்கா பிரித்து எழுதவில்லை. ரோமர் 16இல் பவுல் கெங்கிரேயா சபையின் பெபேயாளை அறிமுகப்படுத்தும்போது இதே குடும்பத்தைச் சேர்ந்த சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். ஆகவே பந்தியையும் படுக்கையையும் விசாரிக்கும் பெண்ணின் வேலை ஊழியம்தான். அதற்குத் தலைமையும் வேண்டும்.

2. இங்கிலாந்தில் இந்த ஊழியம் நடக்கும் விதம்

இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி இரண்டு காரியங்கள் ஒன்றாகத் தொடங்கின. ஒன்று தேசிய சுகாதார சேவை. அதில் மருத்துவமனைச் சிகிச்சை எல்லாருக்கும் இலவசம். மற்றொன்று தேசிய உதவிச் சட்டம். முதியோருக்கும் இயலாதவருக்கும் தங்குமிடமும் பராமரிப்பும் அளிக்கும் கடமையை அது உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. இந்தப் பராமரிப்பு இலவசமல்ல; வசதிக்கேற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். இந்தப் பிரிவு இன்றளவும் தொடர்கிறது. 2010 முதல் 2025 வரை மாறாத விதிப்படி, 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து உள்ளவர் பராமரிப்புச் செலவு முழுவதையும் தாமே ஏற்க வேண்டும். புற்றுநோய் வந்தால் மருத்துவமனை இலவசமாகப் பார்க்கும். மறதி நோய் முற்றி இல்லத்தில் சேர நேர்ந்தால், பலர் தங்கள் வீட்டையே விற்கிறார்கள்.

இந்தப் பராமரிப்புத் துறையில் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 16 லட்சம் வேலையிடங்கள் உள்ளன. இவற்றில் பெரும்பாலோர் செவிலியர் பயிற்சி பெறாத பராமரிப்பு ஊழியர்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடத்திச் செல்வது, படுக்கையை மாற்றுவது எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பதிவு பெற்ற செவிலியரோ மிகச் சிலர். 2012-13இல் ஏறத்தாழ 51,000 செவிலியர் இத்துறையில் இருந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 33,000 ஆகக் குறைந்தது. அரசு மருத்துவமனைகளில் சம்பளமும் ஓய்வூதியமும் மேல் என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

'நர்சிங் ஹோம்' என்று அங்கே சொல்லப்படுவது நம் ஊரில் அந்தப் பெயரில் நடக்கும் தனியார் ஆஸ்பத்திரி அல்ல. அது முதியோர் வாழும் வீடு. அங்கே இரவும் பகலும் பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் இருப்பார். மருத்துவர் வெளியிலிருந்து வந்துபோவார். நள்ளிரவில் ஒரு முதியவருக்கு மூச்சுத் திணறினால், மருத்துவமனைக்கு அனுப்புவதா, இங்கேயே வைத்துப் பார்ப்பதா, பிள்ளைகளை எழுப்பி வரவழைப்பதா என்று அந்தச் செவிலியரே முதலில் தீர்மானிக்க வேண்டும். ஆலோசனை கேட்க அடுத்த அறையில் ஒரு டாக்டர் இல்லை. உடன் நிற்பவர்கள் இரண்டு மூன்று பராமரிப்பு ஊழியர்கள். அவர்களில் சிலர் வேலைக்குச் சேர்ந்து மாதம்கூட ஆகியிராது. அந்தத் தாயாரின் கேள்விக்கு நான் சொன்ன பதிலின் பொருள் இதுதான்.

3. லிவர்பூலில் ஒரு சகோதரி

இந்த ஊழியத்தில் தலைமை எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் தியோடோர் ஃபிளீட்னர் என்னும் போதகர் 1836இல் 'டீக்கனெஸ்' சகோதரிகளுக்கான ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அந்தப் பெயரே நாம் பார்த்த தியாகோனியாவிலிருந்து வந்ததுதான். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1851இல் அங்கே பயிற்சி பெற்றார். பின்பு அங்கே பயின்ற இன்னொருவர் ஆக்னஸ் ஜோன்ஸ் என்னும் தேவபக்தியுள்ள பெண். 1862இல் அவர் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலுள்ள நைட்டிங்கேல் பள்ளியிலும் பயின்றார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் ஏழை முதியோருக்கும் நோயாளிகளுக்கும் கடைசிப் புகலிடம் 'ஒர்க்ஹவுஸ்' எனப்பட்ட ஏழை விடுதி. லிவர்பூல் நகரின் விடுதி மருத்துவப் பகுதியில் ஏறத்தாழ 1,200 நோயாளிகள் கிடந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டது அதே விடுதியில் இருந்த பயிற்சியற்ற ஏழைப் பெண்கள். 1865இல் ஆக்னஸ் ஜோன்ஸ் பயிற்சி பெற்ற 12 நர்சுகளோடு அங்கே தலைமைப் பொறுப்பேற்றார்.

அவருடைய ஊழியம் எடுத்த எடுப்பிலே வெற்றி பெற்றது என்று சொல்வதற்கில்லை. விடுதிப் பெண்களுக்கே சிறு சம்பளம் கொடுத்து உதவி நர்சுகளாக்கும் திட்டம் தோற்றது. குடிப்பழக்கத்தால் பலரை நீக்க வேண்டியதாயிற்று. நிர்வாகிகளோடு உரசல்களும் இருந்தன. ஆயினும் வார்டுகள் மாறின. நோயாளிகளுக்கு நேரத்தில் உணவும் மருந்தும் கிடைத்தன. தம் நர்சுகளுக்கும் நோயாளிகளுக்கும் அவர் வேத வகுப்பும் நடத்தினார். மூன்று ஆண்டுகள் முடியுமுன்னே, 1868 பிப்ரவரி மாதத்தில், தாம் பராமரித்த வார்டுகளில் பரவிய டைஃபஸ் காய்ச்சலுக்கு 35ஆம் வயதில் பலியானார்.

இவரிடம் நாம் காணும் தலைமை, மேசைக்குப் பின்னால் அமர்ந்து கட்டளையிடும் தலைமையல்ல. யோவான் 13இல் நம் ஆண்டவர் மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு, சீஷரின் கால்களைக் கழுவினார். தமது அதிகாரத்தை மறந்து அவர் அதைச் செய்யவில்லை. சகலமும் தம் கையில் ஒப்புக்கொடுக்கப்பட்டதை அறிந்தவராகவே செய்தார் என்று யோவான் காட்டுகிறார். செவிலியர் தலைமையிலும் இந்த இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். அதிகாரம் இல்லாமல் துண்டு மட்டும் இருந்தால் அந்தச் சகோதரி எல்லாருக்கும் வேலைக்காரியாகி ஓய்ந்துபோவாள். துண்டு இல்லாமல் அதிகாரம் மட்டும் இருந்தால் எசேக்கியேல் 34 கண்டிக்கும் மேய்ப்பர்களின் கூட்டத்தில் சேர்ந்துவிடுவாள்.

4. ஞானம் என்பது கவனிப்பது

ஏழு பேருக்கும் ஞானம் வேண்டும் என்று அப்போஸ்தலர் கேட்டார்கள். பராமரிப்பில் ஞானம் என்றால் என்ன? இதற்கு என் சொந்த வாழ்வில் கற்ற பாடம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வார்டு ஒன்றில் வயதான ஒரு பாட்டியம்மா பல நாட்கள் இருந்தார்கள். நான் தினமும் போய், ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்து வருவேன். ஒரு நாள் ஜெபம் முடிந்து திரும்பியபோது வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், "ஐயா, பாட்டிக்கு இடது கை விளங்காது. தண்ணி டம்ளரை யாரோ இடது பக்கம் வச்சிட்டாங்க. நீங்க வரும்போது நாற்காலிய இழுத்துப் போடுறீங்கல்ல, அப்போ அதையும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். பாட்டியின் உதடு காய்ந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். எத்தனை நாள் அந்த டம்ளர் அந்தப் பக்கம் இருந்ததோ தெரியாது. ஜீவத் தண்ணீரைப் பற்றி நான் அங்கே அமர்ந்து வாசித்திருக்கிறேன். வெட்கப்பட்டேன்.

அந்தச் சிஸ்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயாவையும் எல்லார் முன்பும் சத்தம் போடவில்லை. ஆனால் அன்று மாலையே ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, எந்தக் கை விளங்கும் என்று பார்த்து, டம்ளரும் மணியும் அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரு முறையை ஏற்படுத்தினார். ஒரு பாட்டியிடம் கண்ட குறையை எல்லாக் கட்டில்களுக்கும் பரிகாரமாக்கியது அவருடைய தலைமை.

இதே ஞானத்தை நூல் வடிவில் தந்தவர் டோரீன் நார்ட்டன் என்னும் ஆங்கிலேயச் செவிலியர். முதியோர் வார்டுகளில் படுக்கைப் புண் வருவதைத் தவிர்க்க முடியாது என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. ஸ்பிரிட்டும் பவுடரும் பலவித களிம்புகளும் தேய்ப்பதே வழக்கம். நார்ட்டனும் அவருடைய தோழர்களும் முதிய நோயாளிகளை முறையாக ஆராய்ந்து 1962இல் அறிக்கை வெளியிட்டார்கள். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலஜலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 20. பதினாலும் அதற்குக் குறைவும் வந்தால் அவருக்குப் புண் வரும் அபாயம் உண்டு என்று எச்சரிக்கையாக வேண்டும். பரிகாரம் பெரும்பாலும் தைலத்தில் இல்லை, நேரம் தவறாமல் திருப்பிப் படுக்க வைப்பதில் இருக்கிறது என்பதையும் அந்த ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. இன்றைய இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிகளும், புண் வராமலிருக்கத் தோலைத் தேய்க்க வேண்டாம் என்றே கூறுகின்றன.

விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஒரு தாள், ஒரு பேனா, ஒரு கடிகாரம், "இரண்டு மணிக்குத் திருப்பினீர்களா?" என்று கேட்கும் ஒரு சிஸ்டர். வீட்டில் படுக்கையிலிருக்கும் தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்ளும் நீங்களும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

5. முறையீட்டைக் கேட்கும் காது

எருசலேமில் விதவைகளுக்காக முறையிட ஒரு கூட்டம் இருந்தது. முறையிட ஆளில்லாதவர்களின் நிலை என்ன? 2020இல் கொரோனா பரவியபோது இங்கிலாந்தின் இல்லங்களில் பிள்ளைகளும் உறவினரும் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். மருத்துவமனைகளில் இடம் வேண்டும் என்பதற்காக, நோய்த் தொற்றுப் பரிசோதனை செய்யாமலே முதியவர்கள் பலர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பெருந்தொற்றின்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இல்லவாசிகளில் 40,000க்கும் மேற்பட்டோர் அந்நோய் தொடர்பாக மரித்தார்கள். அவ்வாறு அனுப்பிய அரசின் கொள்கை சட்டத்துக்கு விரோதமானது என்று 2022 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்நாட்களில் இன்னொரு புகாரும் எழுந்தது. இதயம் நின்றுவிட்டால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்ற குறிப்பு, சில இடங்களில் அந்த முதியவரையோ குடும்பத்தாரையோ கேட்காமல், பலருக்கும் மொத்தமாக எழுதப்பட்டது என்பதே அது. இப்படிச் செய்யலாகாது, ஒவ்வொருவரையும் தனித்தனியே கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்று மருத்துவ அமைப்புகளும் கண்காணிப்பு ஆணையமும் 2020 ஏப்ரலிலேயே அறிவிக்க நேர்ந்தது. அப்படிப்பட்ட வேளையில் இல்லத்தின் செவிலியர் ஒருவர், "இவருக்கு இன்னும் பேச முடியும், இவரைக் கேட்காமல் இதை நான் கோப்பில் சேர்க்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் படிப்பு மட்டும் போதாது. தைரியம் வேண்டும், அந்தத் தைரியத்துக்கு மேலிருந்து ஆதரவும் வேண்டும்.

மேலிடத்தில் அந்தக் குரல் வெகுகாலம் இல்லை. பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகத்தில் தலைமைச் செவிலியர் அதிகாரி பதவி 1941 முதல் இருந்துவருகிறது. இல்லங்களிலும் வீடுகளிலும் நடக்கும் பராமரிப்புக்கென ஒரு தலைமைச் செவிலியர் இங்கிலாந்தில் முதன்முதலாக நியமிக்கப்பட்டதோ 2020 டிசம்பரில்தான். டெபோரா ஸ்டர்டி என்னும் அந்தச் செவிலியர் முதியோர் பராமரிப்பில் நீண்ட அனுபவமுள்ளவர். ஓய்வுபெற்ற போர்வீரர்கள் வாழும் ராயல் ஹாஸ்பிடல் செல்சியில் பொறுப்பு வகித்தவர். ஏறக்குறைய எண்பது ஆண்டு இடைவெளியும், ஒரு கொள்ளைநோயும் அதற்குத் தேவைப்பட்டன. அப்போஸ்தலரோ முறையீடு வந்தவுடனே ஆட்களை நியமித்தார்கள்!

அந்நாட்டின் கண்காணிப்பு ஆணையம் ஒவ்வொரு இல்லத்தையும் ஐந்து கேள்விகளால் அளக்கிறது. பாதுகாப்பானதா? பயனுள்ளதா? கனிவுள்ளதா? தேவைக்கு ஏற்ப நடந்துகொள்கிறதா? நல்ல தலைமை உள்ளதா? கடைசிக் கேள்விக்கு விடை தவறினால் முதல் நான்கும் நெடுநாள் நிலைக்காது. நம் மருத்துவமனையையும், நம் சபை நடத்தும் முதியோர் இல்லங்களையும் இந்த ஐந்தாலும் நாமே அளந்து பார்ப்பது நல்லது.

6. தனியே சுமக்க முடியாத பாரம்

யாத்திராகமம் 18இல் மோசே காலை முதல் மாலை வரை தனியே உட்கார்ந்து நியாயம் விசாரிக்கிறார். மாமனார் எத்திரோ வந்து பார்த்து, நீயும் இளைத்துப் போவாய், ஜனங்களும் இளைத்துப் போவார்கள் என்ற கருத்தில் எச்சரித்து, பொறுப்பைப் பகிரச் சொல்லுகிறார். உண்மையான ஊழியக்காரருக்கு வரும் சோதனை பெரும்பாலும் சோம்பல் அல்ல, எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்ற எண்ணமே.

ஆக்னஸ் ஜோன்ஸின் மரணத்தை நாம் தியாகம் என்று போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் பாரத்தை ஒரு பெண்மேல் வைத்த ஏற்பாட்டையும் நாம் கேள்வி கேட்க வேண்டும். தியாகிகளைப் புகழ்ந்துவிட்டு அடுத்தவரையும் அதே இடத்தில் தனியே நிறுத்துவது தேவபக்தி ஆகாது.

இங்கிலாந்தில் 2006இல் ஜூலியன் மேயர் என்னும் செவிலியர் பேராசிரியை முதலானோர் 'மை ஹோம் லைஃப்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். இல்லங்களின் மேலாளர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி, தங்கள் பாரங்களைப் பேசவும், ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுத் தெளிவடையவும் வழி செய்வது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. இரவில் தனியே தீர்மானம் எடுக்கும் ஒருவருக்கு, "எனக்கும் அப்படி நேர்ந்தது" என்று சொல்லும் தோழி ஒருத்தி கிடைப்பது பெரிய காரியம்.

7. கொடுக்கிறவரின் பங்கு

லிவர்பூல் வரலாற்றில் நான் இதுவரை சொல்லாத ஒருவர் உண்டு. ஆக்னஸ் ஜோன்ஸையும் நர்சுகளையும் கொண்டுவரச் செலவை ஏற்றவர் வில்லியம் ராத்போன் என்னும் வணிகர். 1859இல் அவருடைய மனைவி நோயுற்று மரித்தபோது, மேரி ராபின்சன் என்னும் நர்சு வீட்டில் இருந்து பராமரித்தார். எல்லா வசதியும் உள்ள தன் வீட்டிலேயே ஒரு நர்சு இவ்வளவு ஆறுதல் தர முடியுமானால், ஒன்றுமில்லாத ஏழைகளின் வீட்டில் எவ்வளவு தேவை என்று எண்ணினார். அதே நர்சை மூன்று மாதம் ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். ஒரு மாதத்தில் அந்த நர்சு, காணும் துயரத்தைத் தாங்க முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்று அழுதுகொண்டு வந்தார். ராத்போன் அவரைத் தேற்றி, தவணை முடியும்வரை தொடரும்படி கேட்டுக்கொண்டார். மூன்று மாதம் முடிந்தபோது, இந்த வேலையை விடவே மாட்டேன் என்றார் அந்த நர்சு. வீடு தேடிச் சென்று பராமரிக்கும் செவிலியர் முறை பிரிட்டனில் அங்கிருந்துதான் வளர்ந்தது.

பின்பு ஏழை விடுதிக்கு நர்சுகளைக் கொண்டுவரும் செலவை மூன்று ஆண்டுகளுக்குத் தாம் ஏற்பதாக ராத்போன் நிர்வாகிகளுக்கு வாக்களித்தார். பலனைக் கண்ட நிர்வாகிகள் பிறகு அதைப் பொதுச் செலவாக ஏற்றார்கள். அவர் தம் பெயரில் ஒரு கட்டடம் எழுப்பியிருக்கலாம். ஒரு தலைமைச் செவிலியரையும் அவருடைய கூட்டத்தையும் மூன்று ஆண்டுகள் தாங்கினார்.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் மருத்துவமனை எழுப்பியதோடு நிற்கவில்லை. 1909இல் டீலியா ஹௌட்டன் என்னும் செவிலியரின் பொறுப்பில் அங்கே நர்சுகளுக்கான பள்ளி தொடங்கியது. 1946இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் பலனைத் தென்னிந்தியா முழுவதும் அனுபவிக்கிறது.

பிரியமானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கையில் கட்டில் வாங்கினால் அதன் தலைமாட்டில் உங்கள் பெயரைப் பொறிக்கலாம். ஒரு வார்டு சிஸ்டரை ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினால் அவர்மேல் பெயர்ப்பலகை மாட்ட முடியாது. ஆனால் டம்ளரை வலது பக்கம் வைக்கச் சொல்வதும், இரண்டு மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வதும் அந்தச் சிஸ்டரே. ஆகையால் கட்டடத்துக்கும் கருவிக்கும் கொடுக்கும் அதே மனதோடு, செவிலியரின் பயிற்சிக்கும், போதுமான ஆள்பலத்துக்கும், நியாயமான சம்பளத்துக்கும் கொடுங்கள் என்று தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, பிள்ளைகளை வெளிநாடு அனுப்ப எண்ணும் பெற்றோருக்கு ஓர் எச்சரிப்பு. 2022 பிப்ரவரியில் பிரிட்டன் பராமரிப்பு ஊழியர்களுக்கு விசா வழியைத் திறந்தது. அநேகர் ஏஜென்டுகளிடம் பெரும் பணம் கொடுத்து, கடன்பட்டுப் போய், சொன்ன வேலையும் சம்பளமும் கிடைக்காமல் தவித்தார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பு ஊழியர்களை அழைக்கும் அந்த வழி மூடப்பட்டுவிட்டது. தகுதி பெற்ற நர்சுகளின் வழி வேறு. ஆகவே கேர் ஹோம் விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், தாலியை அடகு வைக்குமுன் நன்றாக விசாரியுங்கள். உங்கள் போதகரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்போஸ்தலர் 6:7இல் அந்த நியமனத்தின் பலனை லூக்கா எழுதுகிறார். விதவைகளின் பந்தி ஒழுங்கான பின்பு தேவவசனம் பரவிற்று, சீஷரின் தொகை பெருகிற்று, ஆசாரியரிலும் அநேகர் விசுவாசத்துக்குக் கீழ்ப்பட்டார்கள். எருசலேமின் ஆசாரியர்கள் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருப்பார்கள். கேட்பாரற்ற ஒரு விதவைக்கு நேரத்தில் சாப்பாடு கிடைத்ததையும் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

சிந்திக்கவும் கலந்துரையாடவும்

1. நம் சபையில் வீட்டோடு முடங்கிய முதியவர்கள் எத்தனை பேர்? அவர்களை விசாரிக்கப் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டவர் யார்?
2. அப்போஸ்தலர் கேட்ட மூன்று தகுதிகளில், பொறுப்புக்கு ஆள் தெரிந்தெடுக்கும்போது நாம் எதை மறந்துவிடுகிறோம்?
3. நம் வீட்டில் படுக்கையிலிருப்பவரின் எந்தக் கை விளங்கும்? தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது?
4. நமக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர் தனியே சுமக்கும் பாரம் எது? அதில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு என்ன?

ஜெபக் குறிப்புகள்

இரவுப் பணியில் தனியே தீர்மானம் எடுக்கும் செவிலியருக்காக ஜெபியுங்கள். தூர தேசங்களில் அந்நியரின் தாய் தகப்பனைப் பராமரிக்கும் நம் பிள்ளைகளுக்காகவும், இங்கே அவர்களை எதிர்பார்த்திருக்கும் பெற்றோருக்காகவும் ஜெபியுங்கள். நம் மருத்துவமனையின் நர்சிங் சூப்பிரண்டு, வார்டு சிஸ்டர்கள், ஆயாமார் யாவருக்கும் கர்த்தர் பெலனும் ஞானமும் தரும்படி வேண்டிக்கொள்ளுங்கள். பார்க்க ஒருவருமில்லாமல் படுத்திருக்கிறவர்களை எங்கள் கண்களுக்குக் காட்டும்படி எங்களுக்காகவும் ஜெபியுங்கள்.

கர்த்தருடைய ஊழியத்தில் உங்கள்,
மருத்துவமனைக் குருவானவர்